கரையில் நின்று கூப்பிட்ட அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் அவர் பழகிய ஊர்க்காரர்களுக்கும் வணக்கம். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் அக்காவின் மகள் என்னை எழுதித் தரச் சொன்னாள். பத்தாவது வரை படித்தவன் எழுதியது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில். அடுத்து அண்ணன், கடைசியாக நான். அம்மா நடவுக்குப் போகிற நாட்களில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே அக்கா பள்ளிக்கூடம் போனாராம். எட்டாவதோடு அவரை நிறுத்திவிட்டார்கள். ஆவுடையார்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் சீக்கிரமே தவறிவிட்டார். அக்கா பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை பார்த்து ஒரே மகளை நர்சிங் படிக்க வைத்தார். எத்தனை பிள்ளைகள் கூடுதலாக வந்தாலும் அவர் பானையில் சோறு இருக்கும் என்று அந்த ஊர் டீச்சர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

அக்காவைப் பற்றி எழுதினால் திட்டைப் பற்றி எழுதாமல் முடியாது. எங்கள் ஊர்க் கண்மாயின் உள்வாயில், தண்ணீர் தேங்கும் பகுதிக்கு நடுவே, மேடாக ஒரு பட்டா நிலம் அப்பாவுக்கு இருந்தது. அதைத்தான் திட்டு என்போம். மழைக்காலத்தில் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்துவிடும். இரண்டு இலுப்பை மரம், ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை, அவ்வளவுதான். அங்கே போனால் மனிதச் சத்தமே கேட்காது. அப்பா அதைப் பிரிக்காமல் எங்கள் மூவர் பேருக்கும் சேர்த்தே எழுதிவைத்தார். வருஷம் ஒருவர் முறை. சித்திரை முதல் தேதி சாவி கை மாறும். லாரி டியூப்பில் பலகை கட்டிய மிதவை ஒன்று உண்டு. அது முறைக்காரரிடம்தான் இருக்கும். மற்றவர்கள் கரையில் நின்று குரல் கொடுக்க வேண்டும். முறைக்காரர் வந்து அழைத்துப்போய்ச் சமைத்துப் போட வேண்டும். தண்ணீர் வற்றி நடந்து போகலாம் என்கிற கோடையிலும் கூப்பிடாமல் யாரும் இறங்க மாட்டோம்.

அக்கா முறை வருகிற வருஷம்தான் எங்களுக்குத் திருவிழா. டியூப்பைத் தள்ளிக்கொண்டு வரும்போதே சத்தம் போடுவார். "வாங்க தொரை, காலு நனையாம ஏறுங்க! வெறகு ஒடைக்க ஆள் இல்லாமத்தான் காத்துக் கெடக்கேன்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் திட்டை அளந்து பங்கு பிரிக்கலாம் என்றார். நானும் தலையாட்டினேன். அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "சுத்தித் தண்ணியாக் கெடக்குற எடத்துக்கு வேலி வேற வேணுமாடா ஒங்களுக்கு?" என்று கேட்டார். அத்தோடு பேச்சுக் குறைந்துபோனது.

போன வருஷம், பொங்கல் கழிந்த வாரம். என் முறை. கண்மாய் நிறைந்திருந்தது. திட்டில் தனியாக இருந்தேன். அண்ணன் முன்பே போனில் சொல்லியிருந்தார்: "அக்கா வந்து பேசினா நீ சரின்னுருவ. மூஞ்சியப் பாக்காம இரு." மதியம் கரையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி... டியூப்பத் தள்ளிக்கிட்டு வாடா!"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டாவது முறையும் கூப்பிட்டார். மூன்றாவது முறை, "சும்மாதாண்டா வந்தேன். நண்டுக் கொழம்பு ஆறிப்போகுது" என்றார். நான் அசையவில்லை. பிறகு குரல் நின்றுவிட்டது.

பொழுது சாயக் கரைக்குப் போனேன். கருவேல மரக் கிளையில், நாய் எட்டாத உயரத்தில், தூக்குவாளி கட்டித் தொங்கியது. என்னால் அதைச் சாப்பிட முடியவில்லை.

அதற்கு முதல் நாள்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நாலு நாள் திட்டில் இருந்துவிட்டு வைத்தியத்துக்குப் போகலாம் என்று அக்கா நினைத்திருக்கிறார். இதெல்லாம் பின்னால் அவர் மகள் சொல்லித்தான் தெரியும். கூட வந்த அவளிடம் அக்கா சொன்னாராம், "ஓட்டுல பொகை வருது பாரு. உள்ளதான் இருக்கான். கூச்சக்காரப் பய, விடு." அடுப்பை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எலுப்பை பூத்திருச்சாடா?" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். இலுப்பையைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்திரை பொறந்தா எம் முறை, ஞாபகம் இருக்குல்ல? நல்லாக் கத்திக் கூப்பிடணும். இல்லாட்டி வரமாட்டேன்" என்று சிரித்தார்.

பங்குனியிலேயே போய்விட்டார்.

சித்திரை முதல் தேதி சாவியோடு கரைக்குப் போனேன். கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடந்தே போயிருக்கலாம். அக்கா முறை. கரையில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டேன். அவர் கூப்பிட்டது போலவே மூன்று முறை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இந்த ஒரு வருஷம் அண்ணனும் நானும் திட்டில் கால் வைக்கவில்லை. பங்கு பிரிக்கும் பேச்சையும் அண்ணன் எடுக்கவில்லை. அக்காவின் இடத்தில் இனி அவர் மகள் இருப்பாள்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிகளுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த நர்சம்மாக்களுக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடனிருந்த சத்துணவு வேலைக்காரப் பெண்களுக்கும், காரியம் முடியும்வரை வீட்டை விட்டு அகலாத பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் எல்லோரும் திட்டுக்கு வாருங்கள். யார் முறையானாலும் டியூப் தள்ளுவது இனி நான்தான். கரையில் நின்று ஒரு குரல் கொடுங்கள். இரண்டாவது குரலுக்கு உங்களைக் காக்க வைக்க மாட்டேன்.