ரைமோவின் கோமாளி மீனும் என் கணவரின் ஐஸ்பெட்டியும்

ஊரே கைவிட்ட பிறகும் என் தம்பி ரைமோ நீமி வென்றெடுத்தவை இவை: ஹான்காக் பள்ளியில் வேதியியல் தேர்வு, மூன்றாம் முறையில். விவாகரத்தில் இருநூறு கேலன் மீன்தொட்டி. வீடும் வண்டியும் நாயும் எதிர்த்தரப்புக்குப் போய்விட்டன. என் கணவர் டக்கின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டு நிலவறையில் இரண்டு குளிர்காலம். கடைசியாக, கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கோமாளி மீனின் உயிர்.

முதல் மூன்றைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். நான்காவதை நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் செம்புச் சுரங்க வட்டாரத்திலிருந்து கடலுக்குப் போக இரண்டு நாள் வண்டி ஓட்ட வேண்டும். அதனால் இங்கே கடல்மீன் வளர்ப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஏழு பேர். மாதம் ஒருமுறை லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடி, ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றபடி, அங்கே இல்லாதவரின் தொட்டியைக் குறை சொல்வார்கள். தலைவி பெவ் வுவோரி, ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு மீன் கைமாறும்போது, அதைத் தனியே வைத்து நோயில்லை என்று பார்த்தவர் வாளியில் ஒட்டிய நாடாவில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். கையெழுத்து இல்லாத வாளியை யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

ரைமோ ஒருமுறைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை. சங்கத்தில் சேர்ந்த புதிதில் கிரீன் பே நகரத்திலிருந்து ஒரு நீல மீனை வாங்கிவந்து நேராகப் பெரிய தொட்டியில் விட்டான். ஏன் தனியே வைக்கவில்லை என்று கேட்டேன்.

"பாவம்க்கா, ரொம்பத் தூரம் வந்துருக்கு. சோந்துபோய் இருந்துச்சு."

அந்தச் சோர்வுக்கு வெள்ளைப்புள்ளி நோய் என்று பெயர். அது தெரிவதற்குள் என் தம்பி தன் தாராள மனதால் தொட்டியிலிருந்த உயிர்ப்பாறைகளை, அதாவது கடல் நுண்ணுயிர்கள் ஒட்டிவாழும் கற்களை, உடைத்து மூன்று பேருக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தான். நான்கு வீட்டில் மீன்கள் செத்தன. பெவ் வீட்டில் ஒரே ஒரு பெண் கோமாளி மீன் மட்டும் துணையை இழந்து தப்பியது. அன்றிலிருந்து சங்கத்தில் ரைமோவுக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். காப்பி போடும் பொறுப்பு.

2019 பிப்ரவரியில் அவன் ஒரு குட்டி ஆண் கோமாளியை வாங்கினான், பெவ்வின் மீனுக்குத் துணையாக. பெவ்விடம் சொன்னதற்கு, "பாக்கலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு 'முடியாது' என்று பொருள். ரைமோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான். அந்த மீன் பெவ்வின் வீட்டுக்குள் போனால் அவன் மறுபடி மனிதன்; போகாவிட்டால் காப்பி.

அவன் பிடித்த வழி இது. புள்ளி நோயின் பூச்சி மீனைவிட்டு உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு குஞ்சு பொரித்து மறுபடி மீனைத் தேடிவரும். அது பொரிப்பதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் தேடிவருவதற்கு மீன் இருக்காது. மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை மாற்ற வேண்டும். பழைய தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்ந்து வரக்கூடாது. பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு. ஒன்றில் மீன் இருக்கும்போது மற்றது கழுவிச் சுக்காகக் காய வேண்டும். மீனை அள்ள என் வடிதட்டுகள் இரண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். எது எந்தத் தொட்டிக்கு என்று நாடாவில் எழுதி ஒட்டியது நான். அவன் எழுதினால் அவனுக்கே படிக்க வராது.

சங்கத்தில் மற்றவர்கள் புள்ளி நோய்க்குத் தண்ணீரில் செம்பு கலந்த மருந்தை ஊற்றுகிறவர்கள். கிளாரன்ஸ் கிழவர் சிரித்தார்.

"செம்பு மேலயே பொறந்து வளந்தவன்டா நீ. ரெண்டு சொட்டு ஊத்த யோசிக்கிறியே."

"அளவு கூடிட்டா மீன் போயிரும் பெரியவரே."

"உன் வீட்டுக்கு வந்தா எப்படியும் போயிரும். மருந்தயாவது மிச்சம் பண்றியா?"

முதல் இரண்டு மாற்றலும் நன்றாக நடந்தன. மூன்றாவது மாற்றல் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும். அதற்கான தொட்டியை, காய்ந்த மரமும் கதகதப்பும் இருக்கிறது என்று எங்கள் சவுனாவில் காய வைத்தான். கொல்லையில் இருக்கும் நீராவிக் குளியல் குடில் அது. சனிக்கிழமை சாயங்காலம் டக் அதில் உட்காராவிட்டால் வாரம் முடிந்ததாக அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். இந்த ஒரு சனிக்கிழமை வேண்டாம் என்று ரைமோ கேட்டான். டக் தலையாட்டினார். திருமணமாகி இருபத்திரண்டு வருடமாக எனக்கும் அப்படித்தான் ஆட்டுகிறார்.

சனிக்கிழமை சிவந்த முகத்தோடு, துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"உன் தொட்டி ஒரு மாதிரி ஆயிடுச்சு மச்சான்."

"ஒரு மாதிரின்னா?"

"கீழ காலுக்கு இடைஞ்சலா இருந்துச்சு. மேல் பலகையில தூக்கி வச்சேன்."

மேல் பலகைதான் அங்கே அதிகம் சுடும் இடம். போய்ப் பார்த்தோம். தொட்டி சூட்டில் இளகி, யாரோ உட்கார்ந்து எழுந்த தொப்பி போலிருந்தது. ரைமோ பெஞ்சில் உட்கார்ந்தான்.

விடிந்தபோது பனிப்புயல். சாலையை அடைத்துவிட்டார்கள். கடைக்குப் போக வழியில்லை. மீன் இருந்த தொட்டியின் அடியில் பூச்சி இருந்தால் அன்றைக்குப் பொரிக்கத் தொடங்கும்; அதுவரை செய்த அத்தனையும் வீண். வீட்டில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சோப்பு நாற்றம், எண்ணெய்ப் பிசுக்கு, அலுமினியம், ஓட்டை. அப்புறம் டக்கின் புது ஐஸ்பெட்டி கண்ணில் பட்டது. உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துப்போக, தனக்குத்தானே பிறந்தநாள் பரிசாக வாங்கியது. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"அது செத்த மீன் போடுறதுக்கு," என்றார் டக்.

"மேல் பலகை தொட்டி வைக்கிறதுக்கா?" என்றேன்.

"கார்லா, அதுல இன்னும் ஒரு மீனக்கூட நான் போடல."

"அதான், உங்களுக்குப் பதிலா தம்பி போடுறான். ஏரியில நீங்க பிடிக்கிற வேகத்துக்கு இதுதான் அந்தப் பெட்டிக்குக் கிடைக்கப்போற ஒரே மீன்."

டக் தானே விலைச்சீட்டைக் கிழித்தார். அவர் வாழ்க்கையில் மன்னிப்புக்கு மிக அருகில் வந்த இடம் அது. ரைமோ நல்ல தண்ணீரில் பெட்டியை அலசி, புது உப்புநீரை ஊற்றி, சூடேற்றியையும் காற்றுக்குழாயையும் இறக்கினான். நீல வடிதட்டில் மீனை அள்ளி, தண்ணீர் வடியும்வரை ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, உள்ளே விட்டான். பழைய தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ந்து வரவில்லை. வேதியியல் தேர்வுக்குக்கூட அவன் இவ்வளவு கவனம் காட்டி நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை மீன், கழுவிக் காயவைத்திருந்த மற்றப் பிளாஸ்டிக் தொட்டிக்குப் போனது. சனிக்கிழமை பெவ் வாளியோடு வந்தார். டார்ச் அடித்து மீனை வெகுநேரம் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

"நடுவுல ஏதாவது கோளாறு நடந்துச்சா?"

எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான் அது. எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். டக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வடிதட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐஸ்பெட்டி கழுவித் துடைத்து மூலையில் ஒன்றும் அறியாததுபோல் இருந்தது.

"நடந்துச்சு," என்றான் ரைமோ. சவுனா, தொட்டி, புயல், ஐஸ்பெட்டி என்று ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அந்த மீன் அவன் கையைவிட்டுப் போவது எனக்கே தெரிந்தது.

"ஐஸ்பெட்டியிலயா?" என்றார் பெவ்.

"ஆமா."

"புதுசா?"

"புதுசாத்தான் இருந்துச்சு," என்றார் டக்.

பெவ் டார்ச்சை அணைத்தார். "என் வீட்லயும் தனியா ஒரு தொட்டியில போட்டுப் பாத்துட்டுதான் என் பொம்பளை மீன்கூட விடுவேன்."

"அப்படித்தான் செய்யணும். நான் சொன்னேன்னு நேரா விட்டுறாதீங்க."

 பெவ் வாளியைக் கீழே வைத்து, அதன்மேல் நாடாவைக் கிழித்து ஒட்டினார். நான் பேனாவை எடுத்தேன்.

"பேனாவக் கீழ வை கார்லா. அழகான கையெழுத்து எனக்கெதுக்கு? மீன் அவனுது, கோளாறும் அவனுது."

ரைமோ குனிந்து எழுதினான். முதலெழுத்துகள் போதுமா என்று கேட்டான். பெவ் போதாது என்றார். முழுப்பெயரையும் எழுதி முடித்தபோது கடைசி எழுத்து நாடாவைத் தாண்டி வாளியில் ஏறியிருந்தது. அதன் கீழே தேதியைப் போட்டான்: 2019 மார்ச் 2.