நீர்நாயிடம் சொன்ன பொய்

ஊர் ஒருவனுக்கு வைக்கும் பட்டப்பெயர் பெரும்பாலும் அவனுடைய குறையிலிருந்துதான் கிளம்பும். அணையில் மதகு திறக்கும் அந்த மனிதருக்கு வைத்த பெயர் ‘விசில்’. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் அரிசி நுழையும் அளவுக்குச் சந்து. அதன் வழியாக ஊதினால் அணையின் இந்த முனையில் எழும் சத்தம் அந்த முனை வரை கேட்கும். பல் டாக்டர் ஒருமுறை அதை அடைத்துவிடலாம் என்றபோது, “பொழப்பக் கெடுத்துடாதீங்க டாக்டர்” என்று நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். விசிலுக்காக அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் பிழைப்பு ஆறு ஷட்டர்கள். சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் கிரீஸ் தடவும் வேலைக்கு இருபத்திரண்டு வயதில் வந்தவர், முப்பத்தொரு வருஷமாக அந்தச் சுவரின் மேலேயே கிடக்கிறார். நீர்மட்டம் ஏறினால் மூன்று முறை மின்சாரச் சங்கு ஊத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்து நிமிஷம். கீழே ஆற்றில் இருப்பவர்கள் கரையேறுவதற்கான நேரம் அது. அப்புறம்தான் பொத்தானில் கை வைக்க வேண்டும். ஒருநாளும் அவர் அதில் ஒரு நிமிஷத்தைக்கூடக் குறைத்ததில்லை. மற்றபடி நல்ல விளையாட்டுப் பேர்வழி.

மதகுகளுக்கு நேர் கீழே, ஆற்றின் நடுவில் ஒரு பாறைக்கூட்டம். நான்கு வருஷங்களுக்கு முன்பு அங்கே ஒரு பெண் நீர்நாய் குடிவந்தது. முதல் முறை சங்கு ஊதியபோது அது அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் முறை தண்ணீர் வந்து தலைக்கு மேல் புரண்டது. மூன்றாம் முறை சங்கு முடியும் முன்பே கரையில் நின்றது. மூன்று சங்குக்கும் அசையாமல் துணியை அடித்துத் துவைத்துக்கொண்டிருக்கிற மனிதர்கள் உண்டு, கத்திக் கத்தி இவருக்குத் தொண்டை கட்டிப்போகும். நீர்நாய்க்கு ஒரு சங்கு போதும். அது தலையைத் தூக்கி மெல்லியதாக ஒரு சீழ்க்கை அடிக்கும். பொந்துக்குள்ளிருந்து குட்டிகள் வரிசையாக வெளியே வந்து, அதன் வாலைப் பிடித்தாற்போல எதிர்க்கரைக்கு ஏறிவிடும்.

அந்தச் சீழ்க்கைதான் அவரைப் பிடித்து ஆட்டியது. ஆறு மாதம் சுவரோரம் நின்று கேட்டுக் கேட்டுப் பழகினார். குளிக்கும்போதும் அதே, சாப்பிடும்போதும் அதே. ஒரு நாள் காலையில் மேலிருந்து ஊதினார். கீழே பொந்திலிருந்து நாலு சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. பிறகு நாலும் கிளம்பிக் கரைக்கு ஓடின.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்த மனிதனோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் உயிர், தான் சொன்ன ஒரு சொல்லைப் புரிந்துகொண்டதே என்று அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மறுநாள் தன்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த வாரம் அணை பார்க்க வந்தவர்களுக்குக் காட்டினார். குட்டிகள் ஓட ஓட எல்லோரும் கைதட்டினார்கள். தாய் மட்டும் ஓடாது. இரண்டு காலில் நிமிர்ந்து நின்று மேலே சுவரைப் பார்க்கும். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறது என நினைத்தார். யார் ஊதுகிறார்கள் என்று பார்த்திருக்கிறது.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அவர் ஊதியபோது ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. தாய் பாறையில் மல்லாந்து படுத்து மீன் தின்றுகொண்டிருந்தது.

வீட்டில் சொன்னபோது அவர் மனைவி சிரிக்கவில்லை. “குட்டி வச்சிருக்கறவகிட்ட போய் பொய் சொல்லிட்டு வந்திருக்கீங்க” என்றார். “புலி வருதுன்னு கத்தினவனாவது சின்னப் பையன். உங்களுக்கு அம்பத்து மூணு வயசு.”

“விளையாட்டுக்குத்தானே.”

“அவளுக்கு அது விளையாட்டா?”

மாதம் ஒன்று ஓடியது. மலைப்பக்கம் அடைமழை பிடித்தது.

அன்று மத்தியானம் இடி ஒன்று சங்கின் கம்பத்தில் இறங்கியது. எலக்ட்ரீஷியன் ஏறிப் பார்த்துவிட்டு, கருகிப்போன மோட்டாரை மோந்து, “கதை முடிஞ்சுதுண்ணே” என்றார். நீர்மட்டமோ விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சினியர் அம்மா ஆற்றோர ஊர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நாலு மணிக்கு இரண்டு ஷட்டர் திறந்தே ஆக வேண்டும். சங்கு வேலை செய்யாவிட்டால், ஒருவர் கீழே இறங்கிப் பாறைவரை பார்த்து, யாரும் இல்லை என்று சொன்ன பிறகுதான் திறக்கலாம் என்பது விதி. அந்த ஒருவர் மதகுக்காரர்.

“ஆளுங்க யாரும் இருக்காங்களான்னு மட்டும் பாத்துட்டு உடனே ஏறிடுங்க” என்றார் எஞ்சினியர்.

“நீர்நாய்க் குடும்பம் இருக்கு மேடம்.”

“தெரியும். என்னால முடிஞ்சது பத்து நிமிஷம்.”

பக்கச் சுவரோரம் நூற்றுப்பன்னிரண்டு கல்படிகள். வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறார், ஆனால் பாறைவரை போனதில்லை. மதகு மூடியிருந்ததால் ஆற்றில் முழங்காலளவு தண்ணீர்தான், நடந்தே போனார். மேலிருந்து பூனை அளவுக்குத் தெரிந்த அந்தத் தாய், கிட்டத்தில் போனால் அவர் முழுக்கை நீளத்துக்கு மேல் இருந்தது. வாலையும் சேர்த்தால் இன்னும் அரை மடங்கு. மீசையில் தண்ணீர் சொட்டியது. நாலு குட்டிகளும் அதன் பின்னால்.

பத்தடி தள்ளி நின்று ஊதினார். தாய் அவரையே பார்த்தது. அசையவில்லை. மறுபடி ஊதினார். உயிரைக் கொடுத்து ஊதினார். ஓ, நீயா அது, என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. உலகத்தில் அவருக்குத் தெரிந்த நீர்நாய்ச் சொல் ஒன்றே ஒன்று. அதையும் கைதட்டலுக்கு விற்றாகிவிட்டது.

சட்டையைக் கழற்றிச் சுழற்றினார், கத்தினார். தாய் பல்லைக் காட்டிச் சீறியது. குட்டிகள் நாலும் பொந்துக்குள் போய்விட்டன. தண்ணீர் முதலில் நிரப்பப்போவது அந்தப் பொந்தைத்தான். விரட்டினால் கரைக்குப் போகும் என்று பார்த்தால், விரட்டியே சாகக் கொடுத்துவிடுவார் போலிருந்தது. மண்டியிட்டுக் கும்பிட்டும் பார்த்தார். கும்பிடு என்றால் அதற்கு என்ன தெரியும்?

“நேரமாச்சு, ஏறுங்க” என்றது வாக்கிடாக்கி.

அப்போது மேலே சங்கிலி அதிர்ந்தது. ஷட்டரைத் தூக்கும் முன் பிரேக்கைத் தளர்த்தியதும் எழுகிற அந்தச் சத்தத்தை அவர் எப்போதும் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர். ஷட்டருக்குக் கீழே நின்று கேட்டது அன்றுதான். நாற்பதடித் தண்ணீர் ஓர் இரும்புப் பலகைக்குப் பின்னால் நிற்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நீர்நாயை மறந்தார். சட்டையை விட்டார். விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

பதினைந்து படி ஏறியிருப்பார். பின்னால் அந்தச் சீழ்க்கை கேட்டது.

அவர் ஊதிப் பழகியது அதில் பாதிதான். மேலிருந்து கேட்டவருக்கு மீதிப் பாதி எட்டியதே இல்லை. சீழ்க்கைக்குப் பின்னாலேயே ஒரு முனகல், தொட்டிலாட்டுபவள் தொண்டைக்குள் முனகுவாளே, அதுபோல. பயப்படு என்று ஒரு பாதி, நான் இருக்கிறேன் என்று மறுபாதி. திரும்பிப் பார்த்தார். தாய் எதிர்க்கரைக்குப் போகவில்லை. அவர் ஓடிய வழியில், அவர் படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தது. வாயில் ஒரு குட்டி, பின்னால் இரண்டு.

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். மூச்சு விடவில்லை. ஈர உடம்பு அவர் கணுக்காலை உரசிக்கொண்டு மேலே போனது. குளிரும் என்று நினைத்திருந்தார். வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு படி மேலே குட்டியை வைத்துவிட்டு அது மறுபடி கீழே பாய்ந்தது.

வாக்கிடாக்கியை எடுத்தார். “மேடம், ஒரே ஒரு நிமிஷம்.”

“எதுக்கு?”

“இன்னும் ஒண்ணு பாக்கி.”

“சீக்கிரம்” என்றார் எஞ்சினியர். அந்த ஒரு நிமிஷம் போல அவர் வாழ்நாளில் நீண்ட நிமிஷம் இருந்ததில்லை. பொந்து வாயில் வால் தெரிந்தது. பிறகு முதுகு. பிறகு, பிடரியைக் கவ்விய வாயில் தொங்கிக்கொண்டு நாலாவது. அவரைத் தாண்டி அது மேலே போன பிறகுதான், “ஏறிட்டோம் மேடம்” என்றார்.

தண்ணீர் வந்தது. பாறை இருந்த இடம் தெரியவில்லை. படிக்கட்டே நடுங்கியது. மூன்று படி இடைவெளியில் அவரும் அந்தத் தாயும் நின்று ஒரே தண்ணீரைப் பார்த்தார்கள். அது ஒருமுறை அவர் பக்கம் தலையைத் திருப்பியது. கோபமா நன்றியா, ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. இவ்வளவு நாளும் எல்லாம் புரிந்ததாக நினைத்திருந்தார். ஊத உதடு துறுதுறுத்தது. வாயை இறுக மூடிக்கொண்டார். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அது புதருக்குள் போய் மறையும்வரை அந்த மனிதர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார், ஒரு பெரிய மனுஷியின் முன்னால் நிற்பதுபோல.

சாயங்காலம் சட்டையில்லாமல் வீடு வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏங்க, குட்டிங்க?”

“நாலும் இருக்கு.”

“உங்க விசிலக் கேட்டு வந்துச்சா?”

“இல்ல. அத அவ காதுலயே போட்டுக்கல” என்றவர், அது உரசிப்போன கணுக்காலைத் தடவிக்கொண்டார். “நான் பயந்து ஓடினேன். அதத்தான் அவ நம்பினா.”