அம்மா சொன்ன பதில்

பிள்ளையிடம் டொக்டர் கேட்கும் கேள்விக்குத் தாங்களே பதில் சொல்லும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. புலம்பெயர்ந்து மெரிலேண்ட்ஸில் இருந்தோம். அடிவயிறு விடாமல் வலித்ததால் அம்மா என்னைத் தமிழ் டொக்டரிடம் கூட்டிப்போனார். கோயிலில் காணும்போது அவர் எங்களுக்கு அங்கிள்.

"உமக்கு போய்ஃப்ரெண்ட் இருக்கோ பிள்ளை?" என்று என்னைத்தான் கேட்டார்.

"சீச்சீ, எங்கட பிள்ளை அப்பிடி இல்லை" என்றார் அம்மா.

எனக்கு இருந்தான். ஆனால் பக்கத்தில் அம்மா, எதிரில் அங்கிள். எப்படி வாய் திறப்பது? வாயு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன்.

வலி கூடியது. என்னோடு படித்த கமிலாவின் அம்மா சிலி நாட்டுக்காரர். தன் மகளிடம் கேட்பதுபோலவே, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "அவனோடு படுத்தாயா? கொண்டம் பாவித்தீர்களா?" என்று என்னிடமும் கேட்டார். அழுதுவிட்டேன். அன்றே வேறொரு கிளினிக்குக் கூட்டிப்போனார். உடலுறவால் தொற்றிய கிருமி கருப்பைவரை போயிருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் குழந்தை பெறுவதே கஷ்டமாகியிருக்கும் என்றார்கள்.

இப்போது எனக்கும் ஒரு மகள். டொக்டர் அவளிடம் கேள்வி கேட்கத் தொடங்கினால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன். போன மாதம் அவள் என் கையைப் பிடித்து, "அம்மா, யூ கேன் ஸ்டே" என்றாள்.

இருந்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை.