அந்த மூடியில் ஓட்டை போட்டது யார்

அத்தான், நீங்கள் சொன்னது பொய்.

போன மாதம் தென்காசியில் உங்கள் பேரன் கல்யாணத்தில், சாப்பாட்டுக்கு முன்னால், மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னீர்கள். குற்றாலத்தில் முதன்முதலாகக் கரண்டில் துணி உலர்த்தியது நீங்கள்தானாம். வெள்ளைக்காரன் விட்டுப்போன பெட்டியை ஒற்றை ஆளாக உயிர்ப்பித்தீர்களாம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு விவரம் தெரியவேண்டும். அத்தான் என்று நான் சொல்வது என் அக்காள் கணவரை. அப்போது தென்காசியில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். கெட்டிக்காரர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் ஒரு ஜமீன் பங்களாவுக்குக் காவலும் மேற்பார்வையும் பார்த்தார். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை. வைகாசியில் என் மூத்த மகள் பிறந்தாள். ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது.

சீசன் என்றால் ஊருக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, ஈர வேட்டியோடு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அங்கேயே குடியிருக்கிறவளுக்கு அது என்ன பாடு என்று யாரும் கேட்டதில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தீக்குச்சி பற்றாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் அப்படியே தொங்கும், நாற்றம் வேறு. கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை துணி வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். கணப்புச் சட்டியில் கங்கு போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, அதில் துணியை விரித்து உலர்த்தினேன். புகை ஏறியது. ஒரு நாள் இரண்டு துணி கருகியே போனது. ஈரத்தோடு கட்டியதில் பிள்ளைக்கு இடுப்பெல்லாம் புண். தொட்டால் அலறினாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவளுக்கு உலர்ந்த துணி.

அப்போதுதான் பங்களாக் கொட்டகையில் கிடந்த பெட்டி என் கண்ணில் பட்டது. முன்னால் அங்கே குடியிருந்த எஸ்டேட் துரை விட்டுப்போனது. இடுப்பு உயரம். பச்சைத் தகரம், மேலே மூடி, முன்னால் கதவு, அடியில் நாலு சக்கரம், உள்ளே குறுக்காக மூன்று மரக்கம்பு. கீழே பீங்கான் தட்டில் கம்பிச்சுருள். இதில்தான் துரைசாணி துணி உலர்த்துவாள் என்று பழைய தோட்டக்காரர் சொன்னார். எடுத்துக்கொள்ளலாமா என்று ஜமீனுக்கு எழுதிக் கேட்டோம். தூக்கி எறிய ஆள் கிடைத்ததே என்று பதில் வந்தது.

எலி வயரைக் கடித்திருந்தது. சுருள் அறுந்திருந்தது. ஒரு சக்கரத்தைக் காணோம். மூடி துருப்பிடித்துச் சல்லடையாகக் கிடந்தது. பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு நான்தான் மண்ணெண்ணெயும் செங்கல் பொடியும் வைத்துத் துருவைத் தேய்த்தேன். பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டு விளக்கினேன். நடைவண்டிச் சக்கரம் ஒன்றை ஆசாரியிடம் வாங்கி மாட்டினேன். நாலு நாள் வேலை. நகக்கண் எல்லாம் வெடித்துவிட்டது.

அத்தான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நியாயத்தை மறைக்கிறவள் இல்லை நான். வயரை மாற்றியது அவர். புதுச் சுருள் போட்டது அவர். தென்காசியில் தகரக்கடையில் சொல்லிப் புது மூடி அடித்துக் கொண்டுவந்ததும் அவர்தான். வழவழவென்று, ஒரு பொட்டு ஓட்டை இல்லாமல், கண்ணாடி மாதிரி இருந்தது அந்த மூடி. அதைத் தட்டித் தட்டிக் காட்டினார். துளி சூடு வெளியே போகாது என்றார்.

ஸ்விட்சைப் போட்டோம். சுருள் சிவந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்துத் துணியைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினோம். அரை மணி கழித்துத் திறந்தால் குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. மூடியின் உள்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். துணி சுடச்சுட இருந்தது. ஆனால் ஈரம் போகவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் விட்டோம். அப்போதும் அதே கதை.

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டார். "இது அவன் ஊர்க் குளிருக்குச் செஞ்சது. இங்கன அடிக்க சாரலுக்கு ஆகாது. ஞாயித்துக்கிழம வண்டி கொண்டு வருதேன். தகரமாவது தேறும்" என்றார். இயந்திரத்தைப் பற்றிப் பொம்பளைக்கு என்ன ஆசை என்று வாசலில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்ததும் என் காதில் விழுந்தது. அன்று வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை இட்லி அவித்தேன். கொப்பரையிலிருந்து தட்டை எடுத்து, இட்லியைக் கவிழ்த்து, துணியை உரித்தேன். துணியில் ஆவி பறந்தது. பிழிந்தால் தண்ணீர் வரும் ஈரம். தினமும் செய்கிற வேலைதான். அன்றைக்குத்தான் கை நின்றது. இவ்வளவு நேரம் கொதிக்கிற கொப்பரைக்குள் கிடந்த துணி ஏன் காயவில்லை? மூடி இருக்கிறது. ஆவி போக வழியில்லை.

இட்லியை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். பழைய மூடி மழையில் கிடந்தது. எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். துரு தின்ற ஓட்டை எல்லாம் கோணல்மாணலாக இருந்தது. அதற்கு நடுவே சில ஓட்டைகள் வட்டமாக, ஒரே அளவில், வரிசையாக இருந்தன. செய்தவனே போட்டவை. அதையும் துரு என்று நினைத்து, ஓட்டையே இல்லாத மூடியை அடித்துக் கொண்டுவந்து, கெட்டிக்காரர் தட்டித் தட்டிக் காட்டியிருக்கிறார்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் புது மூடியைக் கழற்றித் துவைகல்லில் வைத்தேன். வீட்டில் சுத்தியல் இல்லை. பெரிய ஆணி ஒன்றும் பாக்கு இடிக்கிற இரும்புலக்கையும் எடுத்தேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? அண்ணாச்சி புதுசா அடிச்சுக் குடுத்த தகரம்லா அது."

"இட்லிக் கொப்பரைக்குள்ள போட்ட துணி என்னைக்காவது காஞ்சு பாத்திருக்கீகளா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒங்க அண்ணாச்சி ஒரு நாள் இட்லி அவிச்சிருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். மூடிய அசையாமப் பிடிங்க."

பிடித்தார். பழைய மூடியைப் பார்த்துப் பார்த்து அதே வரிசையில் அடித்தேன். ஒரே ஒரு ஓட்டை மட்டும் வரிசை தப்பி விழுந்தது. பிள்ளை அழுத சத்தத்தில் கை விலகிவிட்டது. மொத்தம் எத்தனை ஓட்டை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

மூடியை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லா ஓட்டையிலிருந்தும் மெல்லிசாக ஆவி எழும்பியது. மேலே கையை வைத்துக்கொண்டு நின்றேன். கை நனைந்தது. பிறகு கை காய்ந்தது. கதவைத் திறந்து ஒரு துணியை எடுத்தேன். வெயிலில் போட்டு எடுத்தது மாதிரி இருந்தது. வெளியே கொட்டுகிறது சாரல், அருவி இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது, என் கையில் உலர்ந்த துணி. வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளைக்கு அதைக் கட்டினேன். அன்று மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினாள். பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் மாட்டுவண்டியோடு வந்தார். அக்காளும் வந்திருந்தாள். கட்டிலில் மடித்து அடுக்கியிருந்த துணியில் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, அப்பளம் மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அத்தான் பெட்டியைச் சுற்றி வந்தார். மூடியில் ஒரு ஓட்டையை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நானே சொல்லணும்னுதான் இருந்தேன், மேல ரெண்டு ஓட்ட போடணும்னு."

அந்த நிமிஷமே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மடியில் பிள்ளை, மனசு நிறைந்து கிடந்தது. போகட்டும் என்று விட்டேன். வந்த வண்டியை வெறுமனே அனுப்பக் கூடாது என்று இரண்டு பலாப்பழத்தை ஏற்றி அனுப்பினேன். அந்தத் தப்பு என்னுடையது. பலாப்பழத்தைச் சொல்லவில்லை.

அடுத்த ஆறேழு சீசனும் என் வீட்டு வாசலில்தான் தெரு நின்றது. பள்ளிக்கூடச் சட்டை வந்தது, கல்யாணப் பட்டு வந்தது. கோயில் குருக்கள் மடி வேட்டியோடு வந்து வெகுநேரம் யோசித்தார். வேட்டியை அவரே குச்சியால் தள்ளித் தொங்கவிட்டார், அவரே எடுத்தார். ஸ்விட்ச் மட்டும் என் பொறுப்பு. தீட்டு கரண்டில் வராது என்று முடிவு செய்துகொண்டார். என் பிள்ளைகள் நாலு பேரும் அந்தப் பெட்டித் துணியில்தான் வளர்ந்தார்கள். ஒருத்திக்கும் அதற்குப் பிறகு புண் வந்ததில்லை.

பெட்டி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மூடியும் இருக்கிறது.

அத்தான், வருகிற ஆனியில் என் பேத்திக்குக் காது குத்துகிறோம். பெட்டியைத் துடைத்துப் பந்தலுக்குக் கொண்டுவருவேன். மூடி மேல் ஒரு துணி போட்டு மூடியிருப்பேன். சொந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கையில் மைக்கைத் தருவேன். அந்த மூடியில் மொத்தம் எத்தனை ஓட்டை? வரிசை தப்பியது எந்த ஓட்டை? போட்டவருக்குத் தெரியாமல் இருக்காது. கல்யாணத்தில் பேசியது போலவே சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பதில் சொல்லுங்கள்.