வலது கதவில் ஒட்டிய தூசி

என் வீட்டில் இருக்கும் மர அலமாரியின் இடது கதவைத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வலது கதவைத் தடவினால் மணல் தெளித்த மாதிரி நெருடும். வார்னிஷ் ஈரமாக இருந்தபோது தூசி படிந்து, அப்படியே காய்ந்துபோனது. பார்க்கிறவர்கள் வேலை தெரியாத எவனோ அடித்தது என்று நினைப்பார்கள். அடித்தவர் என் அப்பா, எங்கள் நைனா.

அது யுத்த காலம். பூந்தமல்லியில் நைனாவுக்கு அரிசி மில்லில் வேலை. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது இந்த அலமாரியை எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். வரப்போகும் மருமகள் புடவை அடுக்க அலமாரி வேண்டும் என்பது அவர் ஆசை. மில் விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவார். பழைய பூச்சு போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேக்கு நிறத்தில் சாயம் ஏற்றி, அது மரத்தில் ஊறிய பிறகு வார்னிஷ் அடித்தார். வார்னிஷ் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த நேரம். கடைத்தெரு பாய் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே டப்பாவைக் கொடுத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. ஈரம் காயும்வரை கூடத்தில் துணி உதறக்கூடாது, அரிசி புடைக்கக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது. வீட்டுக்கு மருமகள் வருகிறாளா, மகாராணி வருகிறாளா என்று அம்மா கேலி செய்வாள்.

ஆவடிப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன், யாரையும் கேட்காமல் பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டான். சம்பளம் நிரந்தரம், ஆறே மாதத்தில் லீவு, வந்ததும் கல்யாணம் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். அவன் புறப்பட்ட காலையில் இடது கதவு காய்ந்திருந்தது. வலது கதவு பிசுபிசுவென்று இருந்தது. வழியனுப்ப வந்த சொந்தமெல்லாம் புழுதிக் காலோடு கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. நைனாவின் கண் கதவுமேலேயே இருந்தது. அண்ணன் அதைக் கவனித்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னான்: “ஊட்ல நடக்கவே பயமா கீது நைனா. கதவு காஞ்சதும் சொல்லி அனுப்பு, வந்து பாக்கறேன்.”

எல்லோரும் அவனோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். நைனா வாசலோடு நின்றுவிட்டார். சிறுமியாக இருந்த எனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டொரு நாள்தான் ஆகியிருந்ததால் நானும் வீட்டில் இருந்தேன். உள்ளே வந்தவர் தரையில் கிடந்த புழுதியைப் பார்த்தார். தண்ணீரைத் தெளித்தார். துடைப்பத்தை எடுத்துக் கூடம் முழுக்கப் பெருக்கினார். அவர் அழுதுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். கைக்கு ஏதாவது வேலை இல்லாவிட்டால் அவரால் நின்றிருக்க முடியாது. ஊருக்குப் போகிறவர் போய்ச் சேரும்வரை எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெருக்க மாட்டார்கள். உடனே பெருக்கிக் கழுவுவது பிணம் எடுத்த வீட்டில் மட்டும்தான். அது நைனாவுக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் அவர் புத்தியில் அந்தக் கதவைத் தவிர வேறொன்றும் இல்லை.

அம்மா பாதி வழியில் திரும்பி வந்தாள். அண்ணனுக்குக் கட்டிவைத்த சோற்று மூட்டையை அடுப்பங்கரையிலேயே மறந்துவிட்டிருந்தாள். பெருக்கிய கூடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“இன்னாய்யா பண்ணிக்கினு கீற? புள்ள இன்னும் பஸ்ஸே ஏறல. அதுக்குள்ள பொணம் போன ஊடு கணக்கா பெருக்கிட்டியே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். சோற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது.

அண்ணன் பர்மா எல்லைக்குப் போனான் என்று கேள்விப்பட்டோம். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. யுத்தம் முடிந்து நெமிலிச்சேரியிலிருந்து பட்டாளத்துக்குப் போன பையன்கூடத் திரும்பி வந்துவிட்டான். அண்ணன் வரவில்லை. பெருக்கியவர் பெருக்கியதையே நினைத்துக்கொண்டிருந்தார், சொன்னவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வெளியில் இருவரும் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டார்கள், உப்பு போதுமா, விறகு இருக்கிறதா என்று. அதைவிடச் சண்டை போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். கெட்டுப்போன வலது கதவைத் தேய்த்து மறுபடி அடிக்க நைனா ஒரு நாளும் முனையவில்லை. அம்மா அந்த அலமாரியில் ஒரு துணிகூட வைக்கவில்லை.

சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு அம்மா போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை இல்லாததால் நெருப்புச் சட்டியை நைனாவே தூக்கினார். பாடை வாசல் தாண்டியதும் அத்தை, நைனாவின் தங்கை, வழக்கப்படி துடைப்பத்தை எடுத்தாள். சட்டி தூக்கியவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. நைனா திரும்பினார்.

“தொடப்பத்த கீழ வை. ரெண்டு பேருக்கும் சேத்து நான் அன்னிக்கே பெருக்கிட்டேன்.”

அத்தை துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அன்று முழுக்க அந்தக் கூடம் பூவும் அரிசியும் மிதிபட்டபடியே கிடந்தது. அடுத்த ஆடிக்குள் நைனாவும் போய்விட்டார்.

போன வாரம் கதவுக்குக் கீல் மாற்ற வந்த தச்சர், வலது பக்கத்தை இழைத்து வார்னிஷ் அடித்தால் புதிதாகிவிடும் என்றார். வேண்டாம் என்றேன். அவர் போன பிறகு அந்தக் கதவைத் தடவிப் பார்த்தேன், நெருடியது. தரையில் அவர் சீவிய மரத்தூள் கிடந்தது. என் கணவர் இருந்தவரைக்கும், என் பெண் கல்யாணமாகிப் போகும்வரைக்கும், யார் வெளியே கிளம்பினாலும் மாலைவரை நான் துடைப்பத்தைத் தொட்டதில்லை. இப்போது இந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போக யாரும் இல்லை. நான் எப்போது வேண்டுமானாலும் பெருக்கலாம்.