தாய்மாமனுக்குப் பதிலாக மூன்று சுட்டிகள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒன்று கேட்டால் பதிலை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தத் தெரியாது. பதிலுக்குக் கீழே ஒரு சுட்டி கொடுத்தாக வேண்டும். அந்தச் சுட்டி தனியாக நிற்கிறதே என்று அதற்குத் துணையாக இன்னொன்று. என் மனைவி இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள். "ஒண்ணு கேட்டா ஒம்போது லிங்க் போடுவீங்க. கேட்டவன் எதுக்கு வந்தான்னே மறந்துட்டுப் போயிடுவான்" என்பாள்.

பிழைப்புக்கு வில்லியனூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. வீடு கரிக்கலாம்பாக்கத்தில். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனிலேயே ஒரு வலைப்பூ எழுதுகிறேன். கிரகப்பிரவேசம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீர் என்று எங்கள் பக்கத்து விசேஷங்களுக்கு என்ன சாமான் வாங்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், யாரை எப்போது அழைக்க வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும். இந்தக் காலத்தில் வலைப்பூவை எவன் படிக்கிறான் என்று கேட்பீர்கள். படிக்கிறார்கள் சார். விசேஷம் வைத்த வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிக் குழப்பியபிறகு ஐந்தாவது ஆளாக என்னைத் தேடி வருவார்கள்.

வந்து பின்னூட்டத்தில் கேட்பார்கள். நான் அவர்களைச் சகோதரா, சகோதரி என்று விளித்துப் பதில் போடுவேன். பந்தல்கால் எந்த மூலையில் நட வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அதைப் பற்றிய என் பழைய பதிவின் சுட்டி, வேறு யாராவது என்னைவிட நன்றாக எழுதியிருந்தால் அவர்களுடைய சுட்டி, பந்தல்காரர் கடைக்குப் போகும் வரைபடச் சுட்டி என்று வரிசையாக வரும். கேட்பவர் நம் பக்கமா, தமிழ்நாட்டுப் பக்கமா என்று முதலில் விசாரித்துக்கொள்வேன். இங்கே ஒரு கரும்புக் கொல்லையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். பாகூர்க்காரருக்குக் கொடுக்கிற கடையைப் பண்ருட்டிக்காரருக்குக் கொடுத்தால் திட்டுவார். ஒவ்வொரு சுட்டியையும் நானே தட்டிப் பார்த்து, திறக்கிறது என்று தெரிந்த பிறகுதான் போடுவேன். பூட்டின வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பலாமா?

இவ்வளவு ஒழுங்கான மனுசன்தான் சொந்த அக்கா விஷயத்தில் கோட்டை விட்டேன்.

எனக்கு உடன்பிறப்பு என்று ஒரே ஒரு அக்கா. அம்மா அப்பா இப்போது இல்லை. அக்காவைப் பாகூரில் கொடுத்திருக்கிறது. எங்கள் பழைய வீட்டை இடித்து அதே இடத்தில் நான் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது தெருமுனையில் பெரிய பேனர் கட்டினோம். எங்கள் ஊரில் பேனர் இல்லாத விசேஷம் விசேஷமே இல்லை. அந்தப் பேனரில் அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, மேல் வரிசையில் மாலையும் கும்பிடுமாக நிற்க வேண்டியவர். பேனர் அடித்தவன் அவர் படத்தைக் கொண்டுபோய்க் கீழ் வரிசையில், எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நடுவில் ஒட்டிவிட்டான். மாமா சிரித்துக்கொண்டு போயிருப்பார். அக்கா விடவில்லை. "என் வூட்டுக்காரரு உனக்குப் பொடிப் பசங்களோட பசங்களா?" என்று கேட்டவள் இலையில் உட்காராமலே கிளம்பிப் போனாள். நானும் சும்மா இருக்கவில்லை. "போனா போ" என்றேன்.

போனவள் போனவள்தான். அதற்கப்புறம் ரொம்ப வருஷம் கழித்து அவளுக்குப் பிள்ளை உண்டானது. பெண் பிறந்தது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டியவள் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. மனைவியின் போனில் அக்காவின் ஸ்டேட்டஸ் வரும். அதில் குழந்தை குப்புறப் படுத்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி போனைத் திருப்பிக் கொடுப்பேன். வயிறு எரியும். யார் மேல் என்றுதான் தெரியாது.

இப்படியிருக்கும்போது ஒருநாள் கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். போன் முனகியது. காதுகுத்துப் பதிவில் 'பெயரில்லா' ஆசாமி ஒருவரின் பின்னூட்டம்.

"வணக்கம். என் பொண்ணுக்குக் காதுகுத்து வைக்கிறோம். தாய்மாமன் ஒருத்தன் இருக்கான், பேச்சுவார்த்தை இல்லை. அவன் இல்லன்னா வேற யார் மடியில உக்கார வைக்கலாம்? அவ்ளோதான் விஷயம்."

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும். அதற்கு முன்னால், பத்திரிகை அடித்த கையோடு வெற்றிலை பாக்கு பழத்தோடு முதல் தட்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். தட்டு வராமல் மாமன் தானாகப் போய் நின்றால் கேவலம். தட்டு வந்தும் போகாமலிருந்தால் அதைவிடக் கேவலம். இதையெல்லாம் அந்தப் பதிவில் எழுதியவனே நான்தான். பாவம், எவளோ ஒரு பெண் தவிக்கிறாளே என்று ஒயரைக் கீழே போட்டுவிட்டுப் பதில் எழுதினேன்.

"வணக்கம் சகோதரி. கவலையே வேண்டாம். சித்தப்பா மகன், பெரியப்பா மகன் என்று தம்பி முறை உள்ள யார் மடியிலும் தாராளமாக உட்கார வைக்கலாம். இந்த மாதிரி மாமன்களை நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கீழே மூன்று சுட்டிகள் கொடுத்திருக்கிறேன், பயன்படும்."

முதல் சுட்டி, தாய்மாமன் இல்லாமல் காதுகுத்து நடத்துவது பற்றி ஒருவர் எழுதிய கட்டுரை. இரண்டாவது, சாமியானா வாடகைக் கடை. மூன்றாவது, மடியில் விரிக்கும் பட்டுத்துண்டு கிடைக்கும் கடை. மூன்றையும் தட்டிப் பார்த்தேன். ஜம்மென்று திறந்தன.

மறுநாளே பதில் வந்தது. "லிங்க் எல்லாம் பாத்தேன். ரொம்ப உபயோகம். நல்லா இருங்க." எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் போனை நீட்டினேன். "பாத்தியா, லிங்க் போடாத போடாதன்னு சொல்லுவியே."

அவள் தோசைக் கரண்டியோடு நின்றபடி மேலிருந்து கீழே படித்தாள். திரும்பவும் படித்தாள். தோசை கருகியது.

"யோவ், இது உங்க அக்காய்யா."

"எந்த அக்கா?"

"உங்களுக்கு எத்தினி அக்கா? 'அவ்ளோதான் விஷயம்'னு சொல்லாம எந்த நாளாவது போனை வச்சிருக்காங்களா அவங்க?"

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பிறகு கோபம் வந்தது. "கேக்கணும்னா போன் பண்ணிக் கேக்கறது! எவனோ மாதிரி வந்து கேட்டா எனக்கு இன்னா தெரியும்?"

"நீங்க பண்ணீங்களா போனு?" என்றாள். "வேற யாரு மடின்னு கேக்கறதுக்கா வந்தாங்க? அவங்களுக்குச் சொல்ல ஊர்ல ஆளா இல்ல? 'நான் வரட்டுமா'ன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வருதான்னு பாக்கத்தான் வந்தாங்க. நீங்க சாமியானாக்கு லிங்க் குடுத்து அனுப்பியிருக்கீங்க."

பதிலை அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள். "அழிச்சா இன்னும் தப்பா போவும்." அதுவும் சரிதான். போன் பண்ணலாம் என்றால் எடுத்து என்ன பேசுவது? என்னைக் கூப்பிடு என்று நானே எப்படிக் கேட்பேன்? அந்தக் குழந்தை இன்னொருத்தன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டால் நான் ஆயுசுக்கும் மாமன் இல்லை. அதற்கு வழியும் காட்டி, கூடவே பட்டுத்துண்டுக்கும் ஏற்பாடு செய்தவன் நானே.

எழுதி எழுதி அழித்து, கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். "சகோதரி, முன்பு கொடுத்த மூன்றும் தவறான சுட்டிகள். மன்னிக்கவும். சரியான சுட்டி இதுதான்" என்று எழுதி, கீழே எங்கள் வீட்டுக்கு வரும் வரைபடச் சுட்டியைப் போட்டேன்.

"ஊருக்கே வூட்டு அட்ரஸைக் குடுத்துட்டீங்களா!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்காவிடமிருந்து பதில் இல்லை. திண்டிவனத்திலிருந்து வழக்கமாகப் படிக்கும் ஒருவர்தான், "நண்பரே, இந்தச் சுட்டி ஏதோ ஒரு வீட்டுக்குப் போகிறது, சரிபார்க்கவும்" என்று எழுதினார். உதவி செய்கிறாராம். அவரை என்ன சொல்ல, சுட்டியைத் தட்டிப் பார்க்கிற என் ஜாதி அவர். கடையில் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். போதாக்குறைக்கு உறுவையாற்றில் இருக்கும் சித்தப்பா மகன் பல்பு வாங்க வந்தவன், "பாகூர் அக்கா போன் பண்ணுச்சிண்ணா, காதுகுத்துக்கு வந்துடுன்னுச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். மடிக்கா, சாப்பாட்டுக்கா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டிச் சத்தம். மாமா பைக்கை ஓரமாக நிறுத்திக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கையில் தட்டும் இடுப்பில் குழந்தையுமாக நேராக உள்ளே வந்தாள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

"ஏன்டா, நான் பொறந்த வூட்டுக்கு எனக்கே வழி காட்டி லிங்க் போடுறியா நீ?"

"இல்லக்கா..."

"இன்னா நொள்ளக்கா? மொதல்ல இவளப் புடி. தட்டு எங்கயும் ஓடிப் போவாது."

குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிற என் முகத்தை அது அண்ணாந்து பார்த்து, அழலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்து, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. என்னால்தான் முடியவில்லை. மாமா எதிரில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் தேம்பித் தேம்பி அழுதேன்.

அக்கா தன் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அழுவாதடா. உனக்கா காது குத்தப் போறாங்க?"