வயிற்று வலி என்று சொன்ன பிள்ளை

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் பிள்ளை வளர்ப்பில் மாரண்டஹள்ளியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தேன். பக்கத்து வீட்டுச் செல்வி ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகும்போது, எட்டு வயது மகன் கவினை என்னிடம்தான் விட்டுப் போவாள்.

ஒருநாள் அவன், "ஆயா, என் விதையில எறும்பு கடிச்சிருச்சு" என்றான். வாயிலேயே ஒன்று வைத்தேன். "த்தூ! இதத்தான் உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா? இன்னொருக்கா அந்தப் பேச்செடுத்தீனா வாயில சூடு வெச்சிருவேன்."

அடுத்த மாதம் ஒரு காலையில் சுருண்டு படுத்துக்கொண்டான்.

"எங்கடா வலிக்குது?"

"வயிறு, ஆயா."

ஓமத்தண்ணீர் கொடுத்தேன். வாந்தியெடுத்தான். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினேன். சாயங்காலம் வந்த செல்வி, டவுசரை அவிழ்த்துப் பார்த்து அலறினாள். ஒரு பக்கம் கறுத்து வீங்கியிருந்தது.

தர்மபுரிக்குக் காரில் ஓடினோம். "விதை முறுக்கிக்கிச்சுங்க. காலையிலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். அதை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று நன்றாக இருக்கிறதாம்.

கண் விழித்த பிள்ளை என்னைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வயிறுதான் ஆயா வலிக்குது" என்றான்.

இப்போது என்னிடம் விடும் பிள்ளைகளுக்குக் குளிப்பாட்டும்போது கண், காது என்று சொல்வதுபோல் அந்த இடங்களின் பேரையும் நானே சொல்லித் தருகிறேன். அங்கே வலித்தாலும் யாராவது தொட்டாலும் உடனே சொல்லச் சொல்கிறேன்.

கவினைச் செல்வி என்னிடம் விடுவதில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் இன்னமும் அவன் கை வாய்க்குப் போகிறது.